கடல் தேனீக்கள்: கட்டிடத் தொழிலாளர்கள் படையான வரலாறு

போர்க்களம் என்றதும் துப்பாக்கியும் பீரங்கியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், விமானம் இறங்குவதற்கு ஓடுதளம் வேண்டும்; சரக்கை இறக்கத் துறைமேடை வேண்டும்; வீரர்களுக்கு நல்ல தண்ணீர் வேண்டும். இவற்றையெல்லாம் அமைத்துத் தருபவர்கள் யார்? இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடற்படையின் முன் இக்கேள்வி பெரிதாக எழுந்தது. அதற்குக் கிடைத்த விடையே 'ஸீபீஸ்' என்னும் கட்டுமானப் படையாகும்.

வேக் தீவு கற்பித்த பாடம்

1941 வரை பசிபிக் தீவுகளில் கடற்படைத் தளங்களைத் தனியார் ஒப்பந்தக்காரர்களே கட்டி வந்தனர். அவர்களிடம் வேலை செய்தவர்கள் சீருடை அணியாத சாதாரணத் தொழிலாளர்கள். 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வேக் தீவைத் தாக்கியபோது அங்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட கட்டிடத் தொழிலாளர்கள் இருந்தனர். டிசம்பர் 23 அன்று தீவு வீழ்ந்தது. பெரும்பாலோர் சிறைப்பட்டனர். வேலைக்கென்று அத்தீவிலேயே நிறுத்தி வைக்கப்பட்ட 98 பேர் 1943 அக்டோபரில் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

இதில் ஒரு சட்டச் சிக்கலும் இருந்தது. சீருடை இல்லாத குடிமகன் ஆயுதம் ஏந்திப் போரிட்டால், போர்க் கைதிக்குரிய பாதுகாப்பை அவன் பொதுவாகக் கோர இயலாது. மறைந்திருந்து தாக்குபவன் என்று கருதி அவனுக்கு மரண தண்டனையும் விதிக்கலாம். ஆகவே, தொழிலாளி தன்னைக் காத்துக் கொள்ளவும் வழியின்றி நின்றான்.

கடற்படையின் கட்டுமானப் பிரிவுத் தலைவராக இருந்த அட்மிரல் பென் மோரெல் இதற்கு வழி கண்டார். கட்டிடத் தொழிலாளர்களையே கடற்படையின் சேமப்படையில் சேர்த்து, சீருடையும் பயிற்சியும் தர வேண்டும் என்றார். 1942 ஜனவரி 5 அன்று அனுமதி கிடைத்தது. கட்டுமானப் பட்டாலியன் என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் 'ஸீ', 'பீ' என ஒலிக்கும். கடல் என்றும் தேனீ என்றும் பொருள்படும் ஆங்கிலச் சொற்களும் அவ்வாறே ஒலிக்கும். உழைப்புக்குப் பெயர்போன தேனீயே அப்படையின் சின்னமாயிற்று.

அனுபவமே ஆயுதம்

இப்படைக்கு வந்தவர்கள் இளைஞர்கள் மட்டும் அல்லர். முதலாண்டில் சேர்ந்தவர்களின் சராசரி வயது 37! தச்சர், பற்றவைப்பவர், மின் பணியாளர், குழாய் பொருத்துநர், புல்டோசர் ஓட்டுநர் என்று 60-க்கும் மேற்பட்ட தொழில்களில் தேர்ந்தவர்கள் வந்தனர். தொழிலைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. படைப் பயிற்சியை மட்டும் தந்தால் போதும். போர் முடிவதற்குள் சுமார் 3,25,000 பேர் இப்படையில் பணியாற்றினர்.

1942 செப்டம்பரில் இவர்கள் குவாடல்கனால் தீவுக்கு வந்தனர். அங்கிருந்த ஓடுதளத்தின்மீது ஓயாமல் குண்டு விழுந்தது. பள்ளத்தில் மண்ணைக் கொட்டினால் மட்டும் போதாது. மண் இறுகாவிட்டால் விமானத்தின் சக்கரம் புதைந்து போகும். எனவே, ஒரு பள்ளத்துக்கு எவ்வளவு மணலும் சரளையும் தேவை என்று முன்கூட்டியே கணக்கிட்டு, லாரிகளில் நிரப்பி, ஓடுதளத்தின் ஓரத்தில் தயாராக நிறுத்தினர். குண்டு விழுந்ததும் ஓடிச் சென்று பள்ளத்தை நிரப்பி, அழுத்தக் காற்றால் இயங்கும் கருவிகளால் இடித்து இறுக்கினர். 500 பவுண்டு குண்டு ஏற்படுத்திய பள்ளத்தை 100 பேர் சேர்ந்து 40 நிமிடத்தில் சரிசெய்தனர்.

மேலே துளையிட்ட எஃகுத் தகடுகளைப் பரப்பினர். ஒவ்வொன்றும் சுமார் 3 மீட்டர் நீளமும் 38 சென்டிமீட்டர் அகலமும் கொண்டது. துளைகளால் எடை குறைந்தது, மழைநீரும் வடிந்தது. ஒரு தகட்டின் கொக்கி அடுத்ததன் துவாரத்தில் மாட்டிக் கொள்ளும். சேதமான தகட்டைக் கழற்றி வேறொன்றைப் பொருத்தலாம்.

ஜான் லேகாக் என்ற கடற்படைப் பொறியாளர் வடிவமைத்த எஃகு மிதவைப் பெட்டிகளும் குறிப்பிடத்தக்கவை. குழந்தைகளின் விளையாட்டுக் கட்டைகளைப்போல் இவற்றை இணைத்துப் பாலமாகவோ படகாகவோ துறைமேடையாகவோ ஆக்கலாம். 1943 ஜூலையில் சிசிலித் தீவில், ஆழமற்ற கடற்கரையை நெருங்க இயலாத கப்பல்களுக்கும் கரைக்கும் இடையே இவை பாலமாக அமைந்தன.

இவர்கள் கட்டியவை எல்லாம் ஒரே விதமாக நினைவுகூரப்படுவதில்லை. டினியன் தீவின் வடக்குத் தளத்தில் இவர்கள் அமைத்த ஓடுதளங்கள் ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2,600 மீட்டர் நீளமுடையவை. 1945 ஆகஸ்டு 6 அன்று ஹிரோஷிமாவின்மீது அணுகுண்டு வீசிய விமானம் இங்கிருந்துதான் புறப்பட்டது. அதே படையினர் பின்னர் 1956-57இல் தென்துருவத்தில் அறிவியல் ஆய்வு நிலையத்தையும் கட்டினர்.

சேமப்படை ஏன்?

போர் முடிந்ததும் பெரும்பாலோர் தத்தம் ஊருக்கும் தொழிலுக்கும் திரும்பினர். 1950இல் கொரியப் போர் மூண்டபோது சேமப்படையினர் மீண்டும் அழைக்கப்பட்டனர். வியட்நாம் போரின்போது, 1968இல், இரண்டு சேமப் பட்டாலியன்கள் அழைக்கப்பட்டன. இன்றும் அப்படையினர் பொதுவாக மாதத்தில் ஒரு வார இறுதியும் ஆண்டில் இரு வாரமும் பயிற்சி பெறுகின்றனர். மற்ற நாள்களில் சொந்த வேலையைப் பார்க்கின்றனர்.

துப்பாக்கியைக் கிடங்கில் பூட்டி வைக்கலாம்; கைத்திறனை அவ்வாறு பூட்டி வைக்க முடியாது. நாள்தோறும் வீடும் சாலையும் பாலமும் கட்டினால்தான் அது மழுங்காமல் இருக்கும். ஒரு நாட்டின் அமைதிக்காலத் தொழில்திறனே அதன் அவசரக் காலத்துக்கான சேமிப்பு. அச்சேமிப்பைச் செலவிடும்போது, உழைப்பவரின் உயிருக்கும் உரிமைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்க வேண்டும். வேக் தீவில் அது இல்லாமல் போனதன் விளைவைத்தான் மேலே கண்டோம்.