பரங்கி நம்ம ஊர்க் காய், நூல்கோல் மட்டும் சீமைக் காயா?

இந்த வாரம் ராஜா, போர் எதுவும் கிடையாது. ஒரு காயைப் பத்திப் பேசப்போறோம். நூல்கோல். சென்னைப் பக்கம் நூக்கல்னு சொல்லுவீங்க. சாம்பார்ல வந்தா முள்ளங்கின்னு நினைச்சு சாப்பிட்டிருப்பீங்களே, அதே காய்தான்.

முதல்ல பேரைப் பாருங்க. நூல், கோல். ரெண்டும் சுத்தத் தமிழ் மாதிரி இருக்குல்ல? ஆனா இது டச்சுச் சொல். டச்சு மொழியில் 'க்னோல்' என்றால் பருத்த கிழங்கு, 'கோல்' என்றால் கோஸ். 'க்னோல்கோல்' நம்ம வாயில் புகுந்து நூல்கோல் ஆயிடுச்சு. 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதியும் இதை டச்சு என்றுதான் கருதுகிறது. இலங்கைத் தமிழர்கள் இன்னும் 'நோக்கோல்' என்கிறார்கள். கன்னடத்தில் நவிலுகோசு. நவிலு என்றால் மயில். புரியாத சொல் வந்தா அதுக்கு ஒரு உள்ளூர் சட்டையைப் போட்டுவிடுறது எல்லா ஊர்லயும் நடக்கும்.

டச்சுக்காரர்கள் நம்ம கடற்கரைக்குத் துணி வாங்க வந்தவர்கள். 17ஆம் நூற்றாண்டில் கடலூர் தேவனாம்பட்டினத்திலும், தெற்கே பரங்கிப்பேட்டையிலும் வியாபாரம் பண்ணினார்கள். 1824 ஒப்பந்தப்படி இந்தியாவில் தங்களிடம் மிச்சமிருந்த இடங்களை ஆங்கிலேயரிடம் கொடுத்துட்டுக் கிளம்பிட்டாங்க. சொல் மட்டும் கிளம்பலை.

பரங்கிப்பேட்டையிலிருந்து மேற்கே, உள்நாட்டுப் பக்கம் வந்தால் ஸ்ரீமுஷ்ணம். பூவராகப் பெருமாள் ஊர். மாசி மகத்துக்கு இந்தப் பெருமாள் பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற கிள்ளை கடற்கரைக்கே வந்து போவார். அவருக்குப் பிரசாதம் என்ன தெரியுமா? கோரைக்கிழங்கு. நாம வயல்ல களைன்னு திட்டிப் பிடுங்கிப்போடுற அதே கோரை. பன்றி மண்ணைக் கிளறித் தின்கிற கிழங்கு வராகருக்கு நைவேத்தியம். எனக்கு ரொம்பப் பிடிச்ச பொருத்தம் இது.

ஆனா நூல்கோலுக்குப் பெருமாள் கோயில் மடப்பள்ளிகளில் பொதுவா இடம் கிடையாது. திவசச் சமையலிலும் சேர்க்க மாட்டாங்க. கேட்டா 'இங்கிலீஷ் காய்'னு ஒரே பதில்.

சரி, வெளிநாட்டுக் காய் கூடாதுங்கிறது ஒரு கணக்கு. அப்போ பரங்கிக்காய்? பேரிலேயே 'பரங்கி' இருக்கு. ஃபிரங்கி, அதாவது ஐரோப்பியன். பரங்கிப்பேட்டைக்குப் பேர் கொடுத்த அதே சொல். செடியோட பூர்வீகம் அமெரிக்கா, இங்கே வந்தது போர்ச்சுகீசியர் காலத்துக்கு அப்புறம். ஆனா திருவாதிரைக் கூட்டுல பரங்கி இல்லாம முடியுமா? சர்க்கரைவள்ளியும் அமெரிக்காதான், அதுவும் அந்தக் கூட்டுல 'நாட்டுக் காய்' லிஸ்டில் உட்கார்ந்திருக்கு. தமிழ்ப் பேர் மாதிரி இருக்கிறது வெளியே, பரங்கின்னு பட்டம் சுமக்கிறது உள்ளே!

சிலர் இதைச் சும்மா மூடநம்பிக்கைன்னு தள்ளிடுவாங்க. எனக்கு அப்படித் தோணலை. விதையைப் பாருங்க. பரங்கியை அறுத்தா உள்ளேயே விதை. சாம்பல் தடவிக் காயவெச்சு, அடுத்த ஆடியில் ஊன்றினா கூரை மேல ஏறிடும். ஒரு தலைமுறைக்குள்ள அது பாட்டி வீட்டுக் காய். நூல்கோல் அப்படி இல்லை. முதல் பருவத்தில் தண்டு பருக்கும். பூக்கணும்னா அதுக்கப்புறம் பல வாரம் கடுங்குளிர் வேணும். ஸ்ரீமுஷ்ணத்து மார்கழி ராத்திரியெல்லாம் அதுக்குக் குளிரே இல்லை. அதனால விதை காஷ்மீர், இமாச்சல் மாதிரி மலைப் பகுதிகளிலிருந்து வரணும். வருஷா வருஷம் கடைக்குப் போய் வாங்கணும். பாக்கெட்ல இன்னமும் 'ஒயிட் வியன்னா'ன்னுதான் ரகத்தின் பேர் போட்டிருக்கும். வீட்டுப் பானையில் விதை சேராத காய் எத்தனை வருஷம் ஆனாலும் விருந்தாளிதான்.

விருந்தாளின்னா வளர்க்கக் கூடாதா என்ன? கடலூர் மாவட்டத்துக்கு ஐப்பசி மழைதான் பிரச்சினை. மழை படாத இடத்தில் தட்டில் விதைச்சு, நாத்துக்கு 25, 30 நாள் ஆனதும், பெருமழை ஓய்ஞ்ச பிறகு ஓர் அடி இடைவெளி விட்டு நடுங்க. தண்ணி தேங்கக் கூடாது, காயவும் விடக் கூடாது. இது வேர்க்கிழங்கு இல்லை, மண்ணுக்கு மேலே பருக்கிற தண்டு. அதனால மண்ணைப் போட்டு மூடிடாதீங்க. கோஸ் புழு இதையும் விடாது, இலையின் அடிப்பக்கத்தைத் தினமும் பாருங்க. நட்ட 50, 60 நாளில் டென்னிஸ் பந்து அளவுக்கு வந்ததும் அறுத்திடணும். மார்கழியில் நட்டா மாசி மகத்துக்குள்ள காய் கையில்.

இன்னும் பெருசாகட்டும்னு விட்டீங்கன்னா உள்ளே நார் நாரா ஆயிடும். அப்போ நூல்கோல்ங்கிற பேர் நிஜமாவே பொருந்தும்! தோலைத் தாராளமா, தடிமனா சீவுங்க; பாதி நார் அதில்தான் இருக்கு. பாசிப்பருப்பு, தேங்காய், சீரகம் அரைச்சுவிட்டுக் கூட்டு வைக்கலாம். பரோட்டாவுக்குக் குருமான்னா இன்னும் ஜோர். இளசான இலையைத் தூக்கிப் போடாதீங்க. காஷ்மீர்ல அதையும் சேர்த்துத்தான் சமைக்கிறாங்க. பொடியா நறுக்கி, பூண்டு தட்டிப்போட்டு வதக்கினா முருங்கைக்கீரைப் பொரியல் மாதிரியே சோத்துக்குப் போகும்.