காமாத்திபுராவை வளர்த்தது யார்?

மும்பையின் பாலியல் தொழில் பகுதியான காமாத்திபுரா தானாகச் சீரழிந்த பேட்டை என்றே பலரும் எண்ணுகிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹார்ன்பி வெல்லார்ட் என்னும் தடுப்பணை கடலைத் தடுத்த பிறகு, நிஜாம் சீமையிலிருந்து கட்டட வேலைக்கு வந்த காமாத்திகள் குடியேறிய தாழ்நிலம் அது. அடுத்த நூற்றாண்டில் பஞ்சாலைகளும் துறைமுகமும் ஆண்களைப் பல ஊர்களிலிருந்து இழுத்துவந்தன. குடும்பத்தோடு வாழக் கூலியும் போதவில்லை, இடமும் இல்லை. 1921 கணக்கெடுப்பில் இந்நகரின் பெண்கள் ஆண்களில் ஏறக்குறையப் பாதிதான். பாலியல் தொழிலுக்கான தேவையை உண்டாக்கியது ஆலை முதலாளிகளின் கூலிக் கணக்கு. அதை இந்தச் சந்துகளுக்குள் ஒதுக்கிவைத்தது அரசு.

படைவீரர்களின் உடல்நலத்துக்காக வந்த 1868ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் பம்பாயில் 1870 முதல் 1872 வரையும், மீண்டும் 1880 முதல் 1888 வரையும் அமலில் இருந்தது. தொழிலில் இருக்கும் பெண் தன் பெயரைப் பதிய வேண்டும், மருத்துவச் சோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் மருத்துவமனையில் அடைபட வேண்டும். அவளிடம் போன சிப்பாய்க்கு அச்சட்டத்தில் எந்தச் சோதனையும் கிடையாது! சட்டம் போன பிறகும் போலீஸின் பழக்கம் போகவில்லை. ஐரோப்பியப் பெண்கள் இருந்த 'சஃபேத் கல்லி'யும் அதன் கண்காணிப்பில்தான் நடந்தது. வெள்ளையர் வருமுன்பே இத்தொழில் இல்லையா என்று கேட்கலாம். இருந்தது, கணிகையரை மேற்பார்க்க அதிகாரியையும் வரியையும் அர்த்தசாஸ்திரமே சொல்கிறது. பழைய அரசர்களை உத்தமர்களாக்கத் தேவையில்லை. ஆனால் நோயின் பழி முழுவதையும் பெண்ணுடலில் ஏற்றி, அதற்கென்று பதிவேடு திறந்தது காலனியாட்சியின் வேலை.

பாலியல் விடுதிக்காரர்களையும் சட்டம் தண்டிக்கிறதே என்பது இன்னொரு வாதம். 1917இல் டங்கன் சாலை விடுதியொன்றில் தப்பியோட முயன்ற பெண் சித்திரவதையில் இறந்தார். ஊர் கொதித்தது, 1923இல் சட்டம் வந்தது. 1956ஆம் ஆண்டுச் சட்டம் விடுதி நடத்துவதைக் குற்றமாக்கியது. ஆனால் வாடிக்கையாளரை அழைத்தாள் என்று பெண்ணையும் தண்டிக்க அதிலேயே பிரிவு இருக்கிறது. தெருவில் நிற்பவளைப் பிடிப்பது எளிது, கட்டடச் சொந்தக்காரரைத் தேடிப்போவது கடினம். எனவே எந்தப் பிரிவு அதிகம் கைகொடுக்கும் என்பதில் மர்மமில்லை. 1996 பிப்ரவரியில் போலீஸ் நடத்திய சோதனையில் 400க்கும் மேற்பட்ட பெண்களை மீட்டுக் காப்பகங்களில் அடைத்தார்கள். நேபாளத்தின் வறுமையும், சவதத்தி எல்லம்மாவுக்குச் சிறுமிகளை நேர்ந்துவிடும் வழக்கமும், தரகரிடம் பட்ட கடனும் அப்படியே இருந்தன. பாலியல் தொழிலாளர்களைக் கண்ணியமாக நடத்தவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022 மே மாதம்தான் போலீஸுக்கு அறிவுறுத்தியது. இப்போது காமாத்திபுராவை இடித்துக் கட்டும் திட்டம் பேசப்படுகிறது. நில உரிமையாளரிடமும் குடித்தனக்காரரிடமும் காட்டப் பத்திரம் இருக்கும். கட்டிலுக்கு வாடகை கொடுப்பவளிடம் அது இருக்காது. அவளையும் குடியிருப்பவராகக் கணக்கில் எடுக்காத எந்தத் திட்டத்தையும் அரசு ஏற்கக்கூடாது.