நீலத்துணி கண்ட இரு கரைகள்

புதுச்சேரிக்கு மேற்கே, சங்கராபரணி ஆற்றின் கரையில் அமைந்தது வில்லியனூர். அதனை அடுத்து முஸ்லிம்கள் நிறைந்து வாழும் சுல்தான்பேட்டை. தெற்கே, பேரேரியின் பாசனத்தில் நெல் விளையும் பாகூர். 1749இல் ஆம்பூர்ப் போரில் வென்ற சந்தா சாகிப், தமக்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரருக்கு வில்லியனூரையும் அதனைச் சார்ந்த சிற்றூர்களையும் அளித்தார். பாகூரும் அவர்கள் வசமாயிற்று. 1752இல் அப்பாகூருக்கருகிலேயே அவர்கள் ஆங்கிலேயரிடம் தோற்றனர்.

இவையெல்லாம் நூல்களில் உள்ளவை. ஆனால் பிரெஞ்சுக் கப்பல்கள் இக்கரையை நாடி வந்ததற்குப் போரினும் பெரிய காரணம் ஒன்றுண்டு. அது துணி. நம் நெசவாளர் நெய்து, அவுரிச் சாயத்தில் தோய்த்தெடுத்த நீலத்துணிக்குக் 'கினித்துணி' என்று பெயர். அது சென்று சேர்ந்த இடம் மேற்கு ஆப்பிரிக்கா.

அங்கே செனகல் ஆற்றங்கரையில் போடோர் என்னும் சந்தையூர் உள்ளது. ஆற்றின் இரு கிளைகளுக்கிடையே அமைந்த அவ்வூரில் 1744இல் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டினர். வடகரைப் பாலைநிலத்து முஸ்லிம்கள் வேலம்பிசினைக் கொணர்ந்து, நீலத்துணியைப் பெற்றுச் சென்றனர். 19ஆம் நூற்றாண்டில் அத்துணியே அங்கு நாணயம்போல் வழங்கிற்று. அதன் தரத்தை வரையறுக்க 1843இல் பிரெஞ்சு அரசு ஆணையே பிறப்பித்தது. தமிழன் தோய்த்த ஆடையை உடுத்து, அறிமுகமற்ற சகோதரர்கள் அம்மணலில் தொழுதனர் என எண்ணுகையில் உள்ளம் நெகிழ்கிறது.

ஆயினும் வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் அறமாகாது. 18ஆம் நூற்றாண்டில் அக்கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் இந்தியத் துணிகள் கொடுக்கப்பட்டன. போடோர் அமைந்துள்ள ஃபூத்தா தோரோ நாட்டில், 1776ஆம் ஆண்டளவில் மார்க்க அறிஞர்கள் கிளர்ந்தெழுந்து ஆட்சியமைத்தனர். அவர்தம் தலைவரான இமாம் அப்துல் காதிர், முஸ்லிம்களை அடிமைகளாக விற்பதைத் தடை செய்தார். பிரெஞ்சுக் குடியேற்றங்களில் அடிமைமுறை முற்றாக ஒழிக்கப்பட்டதோ 1848இல்தான்.

சாயத்தொட்டியில் கை நனைத்த நம் தொழிலாளி இதனை அறிந்திருக்க வழியில்லை, பழி அவனுடையதன்று. இரு கரைகளின் கணக்கையும் ஒருசேர அறிந்தவன் வணிகன் மட்டுமே.

1954இல் புதுச்சேரியும் 1960இல் செனகலும் பிரெஞ்சு ஆட்சியினின்று விடுபட்டன. தளபதிகளின் வெற்றி தோல்விகளை நாம் மனனம் செய்துள்ளோம். அத்துணியை நெய்தவனையும், உடுத்தவனையும், அதற்கு விலையாக விற்கப்பட்டவனையும் ஒரே வரலாற்றின் மாந்தராகக் காணக் கற்றுக்கொள்வதே இனி நம் கடமை.