பெயர் பெற்ற புழுவும் பெயரற்ற மனிதரும்



ஃபேரர் பார்க் வட்டாரத்தின் வரலாற்றை மாணவர்களுக்குச் சொல்லும்போது, 1933 வரை இங்கே குதிரைப் பந்தயம் நடந்ததையும், நம் முன்னோர் கப்பலேறி வந்ததையும் கூறுவேன். கப்பலுக்கும் கரைக்கும் இடையில் ஒரு தீவு இருந்ததையும் அவர்கள் அறிய வேண்டும். தெற்கே உள்ள செயிண்ட் ஜான்ஸ் தீவில் 1874இல் தொற்றுநோய்த் தடுப்பு நிலையம் தொடங்கப்பட்டது. காலரா போன்ற நோய்களுக்கு அஞ்சி, இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களை அங்கே தங்கவைத்தனர்.

அத்தீவில் பணியாற்றிய மருத்துவர் ஜான் கேட்டோ, காலராவால் இறந்த ஒரு சீனரின் உடலை ஆராய்ந்தார். இறந்தவர் ஃபூஜியன் மாகாணத்தைச் சேர்ந்தவர். அவருடைய குடலைச் சார்ந்த இரத்த நாளங்களில் தட்டைப்புழுக்கள் இருந்தன. இதைப் பற்றி கேட்டோ 1905இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். அப்புழுவுக்கு அவர் பெயராலேயே 'சிஸ்டோசோமா கேட்டோய்' என்ற பெயரும் இடப்பட்டது. இறந்தவரின் பெயரோ இக்கதையில் எங்கும் வருவதில்லை.

இதற்கு முன்னும் இவ்வாறே நடந்திருக்கிறது. 1843இல் லண்டனில் இறந்த ஓர் இந்தியக் கப்பல் தொழிலாளியின் குடலில் ஜார்ஜ் பஸ்க் ஒரு பெரிய தட்டைப்புழுவைக் கண்டார். அது இன்றும் அவர் பெயரைத் தாங்கியுள்ளது. 1874இல் கல்கத்தாவில் இறந்த ஓர் இளம் சீனத் தச்சரின் பித்தக் குழாய்களில் மெக்கானல் கல்லீரல் புழுவைக் கண்டார். மூன்றிலும் புழு வெளிப்பட்ட இடம், பிணத்தை ஆராயும் மேசை. நோயாளிக்கு அதனால் பயனில்லை.

உயிரோடு இருப்பவரின் நோயை அறிய வேண்டுமானால் மருத்துவர் கிராமத்துக்குச் செல்ல வேண்டும். ஜப்பானின் கோஃபு பள்ளத்தாக்கில் வயல்களில் உழைத்தவர்கள் வயிறு வீங்கி மாண்டனர். அதை 'வட்டார நோய்' என்றனர். கட்சுராடா என்ற ஆய்வாளர் நோயாளிகளின் மலத்தில் இனம் தெரியாத முட்டைகளைக் கண்டார். பின்னர், அதே பகுதியின் பூனையொன்றை ஆராய்ந்து 1904இல் புழுவையும் கண்டுபிடித்தார். அவர் முந்திக்கொண்டதால் 'ஜப்பானிக்கம்' என்ற பெயரே நிலைத்தது. 1913இல் மியைரியும் சுசுகியும் அப்புழுவை வளர்க்கும் நத்தையைக் கண்டறிந்தனர். நத்தையிலிருந்து நீரில் இறங்கும் இளம்புழு, வயலில் நிற்பவரின் தோலைத் துளைத்து உட்புகுகிறது. காரணம் தெரிந்தபின் நத்தையை ஒழிக்கும் பணி பல்லாண்டுகள் நடந்தது. 1996இல் அப்பகுதியில் நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

இந்தியாவிலும் இதற்குச் சான்று உண்டு. மகாராஷ்டிராவின் ரத்தினகிரி மாவட்டத்தில் கிம்வி என்ற சிற்றூர் உள்ளது. அங்கே சிறுநீரில் இரத்தம் கலந்து வந்தவர்களை காட்கிலும் ஷாவும் ஆராய்ந்து, தட்டைப்புழுவே காரணம் என்று 1952இல் அறிவித்தனர். முனையில் முள்ளுடைய முட்டை அதைக் காட்டிக்கொடுத்தது.

இன்று கிராமங்களில் பரவலாகப் பயன்படுவது 'கேட்டோ-காட்ஸ்' முறை. பெயர் ஒலி ஒன்றாயினும், இவர் நம் தீவின் கேட்டோ அல்லர், ஜப்பானியர். துளையிட்ட ஓர் அட்டையால் 41.7 மில்லிகிராம் மலத்தை அளந்து, கண்ணாடித் தகட்டில் பரப்பி, முட்டைகளை எண்ணுவர். அந்த எண்ணை 24ஆல் பெருக்கினால் ஒரு கிராமுக்கான கணக்கு கிடைத்துவிடும். ஒரு நுண்ணோக்கியும் பயிற்சி பெற்ற கண்களும் இருந்தால் போதும். எனினும் தொற்று குறைவாக இருந்தால் முட்டை கண்ணில் படாமலும் போகலாம். அதனால் பரிசோதனையை மீண்டும் செய்வர்.

பெற்றோர்களே, மலம் என்றதும் முகம் சுளிக்கும் பிள்ளைகளிடம் இக்கதையைச் சொல்லுங்கள். கூச்சத்தால் மறைக்கும் நோய் குணமாவதில்லை. ஆசிரியர்களே, கண்டுபிடித்தவரின் பெயரைக் கற்பிக்கும்போது, "யாருடைய உடலில்?" என்ற கேள்வியையும் கேட்கப் பழக்குவோம். அத்தீவில் தங்கிய தமிழர் பலரின் பெயரும் நமக்குத் தெரியாது. விடை கிடைக்காவிட்டாலும், அக்கேள்வியைக் கேட்பது அவர்களுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.