தினையிலிருந்து கரைவாகு வட்டைக்கு

கல்முனையில் கடலுக்கும் வயலுக்கும் நடுவே ஊர் ஒடுங்கிக் கிடக்கிறது. கிழக்கே அலை. மேற்கே கடைசி வீட்டு மதிலைத் தாண்டினால் கரைவாகு வட்டை. தை மாதத்தில், பெரும்போகப் பயிர் கதிர் தள்ளும் நாட்களில், சுபஹு தொழுதுவிட்டு வரம்பில் இறங்கினால் சாரன் முழங்கால்வரை நனைந்துவிடும். அப்படியொரு காலையில் வயதான வயற்காரர் ஒருவர் கதிரொன்றை முறித்து என் கையில் தந்தார். "வெள்ளையாப் பெய்த்து மனே. உள்ளுக்கு ஒண்டுமில்ல."

கதிரின் கழுத்து கறுத்து இற்றுப்போயிருந்தது. நெல்லை நகத்தால் நசுக்கிப் பார்த்தேன், பதர். பக்கத்துத் தோகைகளில் இரு முனையும் கூரிய கண் போன்ற புள்ளிகள், நடுவில் சாம்பல் நிறம், ஓரத்தில் மண்ணிறம். எங்கள் பக்கம் இதை எரிபந்தம் என்கிறோம். தமிழ்நாட்டில் குலைநோய்.

இதைச் செய்வது ஒரு பூஞ்சணம். பூஞ்சணங்களைச் செடிகளின் உறவு என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். மரபணுக்களை ஒப்பிட்ட பிறகுதான் அவை தாவரங்களைவிட நம்மைப் போன்ற விலங்குகளுக்கே நெருங்கியவை என்று தெரிந்தது. உலகில் ஏறத்தாழ 25 இலட்சம் பூஞ்சண இனங்கள் இருக்கலாம் என்பது லண்டன் கியூ தாவரவியல் பூங்காவின் 2023ஆம் ஆண்டு மதிப்பீடு. பெயர் சூட்டப்பட்டவை 1,55,000 அளவில்தான். அந்தச் சிறு பட்டியலில் அதிகமாக ஆராயப்பட்ட ஒன்று இந்த எரிபந்தக்காரன், மக்னபோர்தே ஒரைசே.

அதன் பிறப்பிடம் நெல் அல்ல, தினை. 2005இல் வெளியான மரபணு ஆய்வொன்று இந்தத் தடத்தைக் காட்டியது. ஆசியாவில் மனிதன் தினையையும் நெல்லையும் அருகருகே பயிரிடத் தொடங்கிய காலத்தில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், தினையில் வாழ்ந்த பூஞ்சணம் நெல்லுக்குத் தாவியது. குறிஞ்சிக்குரிய பயிரிலிருந்து மருதத்துக்குரிய பயிருக்கு அது குடிபெயர்ந்த கதையை நம் புலவர்கள் அறிந்திருக்க வழியில்லை.

தென்கிழக்காசிய மலைப்புறங்களில் அது இன்றும் ஆண்-பெண் கலப்பால் பெருகுகிறது. அங்கிருந்து வெளியேறியவையோ அந்தக் கலப்புத் திறனை இழந்து, தம்மைத் தாமே பிரதியெடுக்கும் குளோன் வம்சங்களாயின. உலக வயல்களை இன்று ஆள்பவை பெரும்பாலும் அப்படிப்பட்ட மூன்று வம்சங்கள்தான். கடந்த சில நூற்றாண்டுகளுக்குள்தான் அவை பரவியிருக்கின்றன. காற்றால் மட்டும் அவ்வளவு தூரம் போக முடியாது. விதைநெல்லில் ஒட்டிக்கொண்டு, மனிதனின் சாக்கில் ஏறித்தான் போகமுடியும். 1919இல் தஞ்சை டெல்டாவைக் கடுமையாகத் தாக்கியதும் இதே நோய்தான்.

இந்தப் பூஞ்சணத்தின் ஒரு வித்து இரவில் என்ன செய்கிறது என்று பாருங்கள். பேரிக்காய் வடிவம், மூன்று அறைகள், வெறுங்கண்ணுக்குப் படாத அளவு. நள்ளிரவு தாண்டியதும் பழைய புள்ளியிலிருந்து கழன்று பறக்கிறது. பனி பட்ட தோகையில் விழுந்ததும் நுனியில் ஒரு பசையைக் கக்கி ஒட்டிக்கொள்கிறது. இரண்டு மணி நேரத்தில் முளை விடுகிறது. முளையின் நுனி உருண்டு, கறுப்பு நிறமி பூசிய குமிழாகிறது. குமிழுக்குள் நீர் ஏறி அழுத்தம் 80 வளிமண்டலம் வரை உயர்கிறது. கார் டயருக்குள் இருப்பதைப்போல ஏறக்குறைய நாற்பது மடங்கு. அந்த அழுத்தத்தோடு ஊசிபோன்ற ஒரு முளையை இறக்கி இலைத்தோலைக் குத்தித் துளைக்கிறது. நான்கைந்து நாளில் புள்ளி தெரியும். பிறகு அந்த ஒரு புள்ளி இரவுக்கு ஆயிரக்கணக்கில் வித்துகளை உதிர்க்கும். யூரியா கூடிப்போன வயலென்றால் தோகை மெதுத்து இந்த வேலை இன்னும் இலகுவாகும்.

இலங்கையில் இதை எதிர்த்து நின்ற நெல்லும் உண்டு. 1950களின் பிற்பகுதியில் பத்தலகொடையில் உருவான எச்-4, முருங்கைக்காயன் என்ற நம் நாட்டு நெல்லையும் இந்தோனேசியாவின் மாஸ் நெல்லையும் கலந்து பிறந்தது. எரிபந்தத்தைத் தாங்கும் நெல் என்று அது பேர் வாங்கியது. ஆனால் எந்த நெல்லின் எதிர்ப்பும் நிரந்தரமில்லை. நெல் எந்தப் புரதத்தைக் கண்டு எதிரியை அடையாளம் பிடிக்கிறதோ, அந்தப் புரதத்துக்கான மரபணுவையே பூஞ்சணம் உதிர்த்துவிடும். அடையாள அட்டையைக் கிழித்துப் போட்டவனைக் காவல்காரன் எப்படிப் பிடிப்பான்?

கோதுமைக்கு நேர்ந்தது இதைவிடப் பெரிய எச்சரிக்கை. பிரேசிலின் பரானா மாநிலத்தில் 1985இல் இந்தப் பூஞ்சணத்தின் வேறொரு வம்சம் கோதுமைக்குத் தாவியது. அதைத் தடுக்கும் ஒரு மரபணு இல்லாத கோதுமையை அங்கே பரவலாகப் பயிரிட்டிருந்ததுதான் அதற்குப் பாதை திறந்தது என்று 2017இல் ஆய்வாளர்கள் காட்டினர். 2016இல் அது வங்காளதேசத்தில் தோன்றியது, 2018இல் சாம்பியாவில். இரண்டு இடத்திலும் அதே தென்னமெரிக்கக் குளோன்.

மாற்று வழி சீனாவின் யுன்னான் மாகாணத்து வயல்களில் நிரூபிக்கப்பட்டிருக்கிறது. 1998லும் 1999லும் அங்கே ஆயிரக்கணக்கான விவசாயிகள் எளிதில் நோய்ப்படும் பசை அரிசி நெல்லை, நோயைத் தாங்கும் நெல்லுக்கு இடையிடையே நட்டார்கள். தனியாக நட்டதோடு ஒப்பிட்டால் பசை நெல்லில் எரிபந்தம் 94 வீதம் குறைந்தது, அதன் விளைச்சல் 89 வீதம் கூடியது. பூஞ்சணக் கொல்லி தெளிக்கும் தேவையும் போனது. வெவ்வேறு நெல் அருகருகே நின்றால், பக்கத்துத் தண்டுக்குத் தாவும் வித்து அங்கே அந்நியனாகிவிடுகிறது.

எங்கள் வட்டையிலோ வரம்புக்கு வரம்பு ஒரே இனம். ஆலைக்காரர் கேட்கும் நெல்லைத்தானே விதைக்க முடியும் என்பார்கள். அந்த நிர்ப்பந்தம் எனக்கும் தெரியும். ஆனாலும் தினையிலிருந்து புறப்பட்டு இவ்வளவு தூரம் வந்த ஒன்றுக்கு, தொடர்ச்சியாக ஒரே பந்தியை நாம்தான் விரித்து வைத்திருக்கிறோம்.

அடுத்த பெரும்போகத்துக்கு வட்டைக் கூட்டம் கூடும்போது, தண்ணீர் திறக்கும் திகதியோடு யார் எந்த நெல் விதைப்பது என்பதையும் பேசி முடிவெடுங்கள். யூரியாவை ஒரே தடவையில் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். கழுத்துக் கறுத்த வயலில் அடித்த நெல்லிலிருந்து ஒரு மரைக்கால்கூட விதைக்கு எடுத்து வைக்காதீர்கள்.