சங்கிலி இல்லாத வண்டி

மோட்டார் சைக்கிள் சங்கிலிக்குத் தூசியும் மழையும் எமன். பெல்ஜியத்தின் எஃப்.என். நிறுவனம் 1905லேயே தன் நான்கு சிலிண்டர் வண்டியில் சங்கிலியை விட்டுவிட்டு, பின்சக்கரத்தைச் சுழற்ற ஒரு தண்டைப் பொருத்தியது. 1923இல் மாக்ஸ் ஃப்ரிட்ஸ் வடிவமைத்த பி.எம்.டபிள்யூ. ஆர் 32தான் அதற்குச் சரியான இன்ஜினைக் கொடுத்தது என்பேன். 494 சிசி, சிலிண்டர்கள் இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்க, கிராங்க் நீளவாக்கில் கிடந்ததால், தண்டு நேராகப் பின்னால் போனது. 1974இல் கொலோன் கண்காட்சிக்கு வந்த ஹோண்டா கோல்டுவிங்கிலும் தண்டுதான்.

‘இதற்குப் பராமரிப்பே வேண்டாம்’ என்ற பேச்சு மட்டும் எனக்கு ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் பின்சக்கரத்தைக் கழற்றியதும் நான் முதலில் பார்ப்பது, தண்டின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கடத்தும் ஸ்பிளைன் பற்களைத்தான். கிரீஸ் காய்ந்த பற்களில் செங்கல்பொடி நிறத்தில் துரு படிந்திருக்கும். விரலால் தடவினால் முனை கத்திபோல் கூராகியிருக்கும். அப்புறம் கியர் ஆயில். வடிகால் போல்ட்டின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை ஒட்டியிருந்தால் பயமில்லை. இரும்புச் சில்லு இருந்தால் பேரிங்கையும் பற்களையும் பிரித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

தண்டு வண்டி வைத்திருப்பவர்களே, டயர் மாற்றும்போதெல்லாம் ஸ்பிளைனைத் துடைத்து, மாலிப்டினம் பேஸ்ட் பூசச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று பாருங்கள்.