ஏழு புலங்கள்: யுனிக்ஸ் பயனர் பதிவேட்டின் வரலாறு பற்றிய ஒரு நோக்கு

கணனியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பொறிகளின் வரலாற்றையே எழுதியுள்ளனர். வெற்றிடக் குழாய், திரான்சிற்றர், நுண்சில்லு என்ற வரிசையிலே அவ்வரலாறு நடைபெறும். அப்பொறியைப் பயன்படுத்திய மனிதர் அதனுள்ளே எவ்வாறு பதியப்பட்டனர், அப்பதிவைத் தேடி எடுக்கும் உரிமை யாருக்கு இருந்தது என்னும் வினாக்கள் அதிகம் எழுப்பப்படவில்லை. ஆயின் ஒரு சமூகத்தின் இயல்பை அதன் அரண்மனைகளைக் கொண்டு மட்டுமன்றி அதன் குடிமதிப்பேடுகளைக் கொண்டும் அறியலாம் என்பது வரலாற்று மாணவர்க்குப் புதிய செய்தியன்று. இக்கட்டுரை அத்தகைய ஏடொன்றையே பொருளாகக் கொள்கின்றது. யுனிக்ஸ் என்னும் இயங்குதளத்தில் ‘ஈரிசி’ அடைவினுள்ளே ‘பாஸ்வேட்’ என்ற பெயரோடு இருக்கும் சிறு எழுத்துக் கோப்பே அது.

இவ்வேட்டுக்கு ஒரு முன்வரலாறு உண்டு. 1961 ஆம் ஆண்டில் மசாச்சுசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திலே பெர்னாண்டோ கோர்பட்டோவும் அவர்தம் குழுவினரும் நேரப்பகிர்வு முறையை முதன்முதலிற் செய்துகாட்டினர். ஒரு பொறியைப் பலர் ஒரே வேளையிற் பயன்படுத்த முடிந்தபொழுதுதான் ‘நீ யார்?’ என்று பொறி மனிதரைக் கேட்கவேண்டிய தேவையும் எழுந்தது. அதற்கு முன்னர் துளையட்டைக் கட்டைக் கையளிப்பவரின் முகமே போதிய சான்றாக இருந்தது. அங்கே ஒவ்வொருவருக்கும் கடவுச்சொல்லொன்று வழங்கப்பட்டது; அச்சொற்கள் யாவும் ஒரு கோப்பிலே உள்ளவாறே எழுதி வைக்கப்பட்டன. விளைவுக்கு நெடுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 1962 இல் அலன் ஷேர் என்னும் ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணனி நேரம் போதாமையால், அக்கோப்பை அச்சிட்டுத் தருமாறு துளையட்டை மூலம் கேட்டார். பொறியும் மறுக்காது அச்சிட்டுக் கொடுத்தது. அத்தசாப்தத்தின் நடுப்பகுதியிலே இன்னொன்று நிகழ்ந்தது. மேலாளர் இருவர் ஒரே வேளையில், ஒருவர் அன்றைய வரவேற்புச் செய்தியையும் மற்றவர் கடவுச்சொற் கோப்பையும் திருத்திக்கொண்டிருந்தனர். இருவரது தற்காலிகக் கோப்புகளும் ஒரே பெயரைத் தாங்கியமையால் ஒன்று மற்றதன் இடத்திற் போய் அமர்ந்தது. அதன்பின் பொறியினுள் நுழைந்த ஒவ்வொருவரையும் அனைவரது கடவுச்சொற்களுமே வரவேற்றன.

பெல் ஆய்வுகூடம் 1969 இல் மல்ரிக்ஸ் என்னும் பெருந்திட்டத்திலிருந்து விலகிக்கொண்டது. அதிலே உழைத்த கென் தொம்சன், டெனிஸ் றிச்சி முதலியோர் நியூ ஜேர்சி மாநிலத்து மறே ஹில்லிலே, கைவிடப்பட்டாற்போற் கிடந்த பீ.டீ.பீ.-7 பொறியொன்றில் யுனிக்ஸை உருவாக்கத் தொடங்கினர். 1971 நவம்பரில் வெளியான முதற் கைந்நூலிலேயே நமது கோப்பு இடம்பெற்றுள்ளது. ஒரு பயனருக்கு ஒரு வரி. வரியினுள்ளே புலத்திற்குப் புலம் முக்காற்புள்ளி. இதுவே அதன் இலக்கணம். காலப்போக்கில் புலங்கள் ஏழாயின: பயனர் பெயர், கடவுச்சொல், பயனர் எண், குழு எண், விபரம், இல்ல அடைவு, அவர் நுழைந்ததும் இயங்கவேண்டிய ஷெல்.

இவற்றுள் ஐந்தாம் புலம் தனிக் கவனத்திற்குரியது. இதன் பெயர் ‘ஜீகோஸ்’. ஜெனரல் இலெக்ட்ரிக் கம்பனியின் இயங்குதளமொன்றின் பெயர் அது. பெல் ஆய்வுகூடத்தில் அச்சு வேலைகளை அத்தளம் இயங்கிய பெரும்பொறிக்கு அனுப்பவேண்டியிருந்தமையால், அங்கே வழங்கிய அடையாளத்தை எழுதிவைக்க இப்புலம் ஏற்பட்டது. அப்பொறி போயிற்று, ஜெனரல் இலெக்ட்ரிக்கும் 1970 இல் தன் கணனித் தொழிலை ஹனிவெல்லுக்கு விற்றுவிட்டது. புலத்தின் பெயரோ நிலைத்துவிட்டது. வெறுமையான அவ்விடத்திலே பயனரின் முழுப்பெயர், அறை இலக்கம், தொலைபேசி இலக்கம் ஆகியன குடியேறின. ஊர் அழிந்த பின்னும் ஊர்ப்பெயர் காணிகளுக்கு வழங்குவதை அறிந்த நமக்கு இது வியப்பன்று. (அப்புலம் ஆங்கில எழுத்துக்களுக்கென்றே அமைந்தது என்பதையும், தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னிறுத்தும் நம்மவர் பெயர்கள் அதிலே புகுந்தபொழுது எது பெயர், எது தலைப்பெழுத்து என்ற மயக்கம் நேர்வதுண்டு என்பதையும் இடையிலே குறித்துச் செல்லலாம்.)

இக்கோப்பு மனிதர் படிக்கத்தக்க எழுத்தாக அமைந்தமை தற்செயலானதன்று. அக்காலத்துப் பெரும்பொறிகளிலே இத்தகைய தரவுகள் அவ்வவற்றிற்குரிய சிறப்பு நிரல்களாலன்றித் திறக்க முடியாத வடிவங்களில் இருப்பதே பெருவழக்கு. யுனிக்ஸை ஆக்கியோரோ எல்லாவற்றையும் வரிவரியான எழுத்தாக வைத்து, அவ்வெழுத்தைக் கையாளச் சிறு கருவிகள் பலவற்றைச் செய்தனர். 1973 இலே, டக்ளஸ் மக்கில்றோய் நெடுநாள் வற்புறுத்தி வந்தவாறு, ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாக்கும் ‘குழாய்’ வந்து சேர்ந்தது. வரிகளைத் தேடும் ‘கிரெப்’ என்ற கருவியும் அவ்வாண்டையொட்டியே கைந்நூலில் இடம்பெற்றது. தொம்சன் தமது எழுத்துத் திருத்தியிலிருந்த தேடற் கட்டளையைப் பிரித்தெடுத்து இதனைத் தனிக்கருவியாக்கினார். பெயரும் அக்கட்டளையின் வடிவமே.

பயனரொருவரைத் தேடுதல் இவ்வாறு ஒரு வரியிலே அடங்கும் செயலாயிற்று. எனினும் அவ்வொரு வரியிலே இடறியோர் பலர். ‘மணி’ என்ற பயனரை வேண்டி வெறுமனே ‘மணி’ என்று தேடினால் ‘சுப்பிரமணி’யும் ‘மணிமேகலை’யும் உடன் வருவர், முழுப்பெயர்ப் புலத்திலோ இல்ல அடைவின் பெயரிலோ அவ்வெழுத்துக்களை உடையோரும் வருவர். ஆதலின் பெயருக்கு முன்னே வரித்தொடக்கத்தைச் சுட்டும் கூரைக்குறியையும் பின்னே முக்காற்புள்ளியையும் இட்டுத் தேடுவதே முறை. முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் மணிமேகலை மீண்டும் வந்து நிற்பார். ஒரு பயனரை நீக்குவதற்கான ஷெல் நிரல் இவ்வாறு இருவரைக் கண்டெடுக்குமாயின், நீக்கப்படுவது யாருடைய இல்ல அடைவு என்பதைச் சிந்திக்க வேண்டும்.

தொடக்ககால ஷெல் இத்தகைய வேலைக்கு ஏற்றதாக இருக்கவில்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது. தொம்சனின் ஷெல்லிலே நிபந்தனைக்கும் தாவலுக்குமான சொற்கள்கூட ஷெல்லின் பகுதியல்லாத தனி நிரல்களாகவே இருந்தன. 1979 சனவரியில் வெளியான ஏழாம் பதிப்பிலேயே நிலைமை மாறிற்று. ஸ்ரீபன் போர்ண் எழுதிய புதிய ஷெல் அதனுடன் வந்தது. புலப் பிரிப்பான் இதுவெனக் குறித்து ஒரு வரியைப் படித்தாற் பெயர், எண், அடைவு என்பன தனித்தனி மாறிகளில் வந்து விழ, சுற்றொன்றின் மூலம் ஏடு முழுவதையும் வாசித்துவிடலாம். அஹோ, வைன்பேர்கர், கேர்ணிஹான் ஆகிய மூவரும் 1977 இல் ஆக்கிய ‘ஓக்’ என்னும் மொழியும் அப்பதிப்பிலே பரவிற்று. ‘முதற் புலம் மணி எனின் ஆறாம் புலத்தைக் காட்டு’ என்று அம்மொழியிற் சொல்ல முடிந்தது. கிரெப் வரியின் தோற்றத்தைப் பார்த்தது. ஓக் புலத்தின் பொருளைப் பார்த்தது. மணிமேகலைச் சிக்கல் அத்துடன் தீர்ந்தது. பல்கலைக்கழகக் கணனிகளின் மேலாளர்கள், சிலவேளை மாணவர்களே, கடவுச்சொல் இல்லாத கணக்குகள் எவை, ஒரே எண்ணைக் கொண்ட இருவர் யார், சுழிய எண்ணைப் பெற்று முழு அதிகாரமும் உடையோர் யாவர் என்றெல்லாம் சில வரி நிரல்களாற் கேட்டறிந்தனர். தரவுத்தள நிபுணரை நாடாது எவரும் வினவக்கூடிய குடிமதிப்பேடாக அது விளங்கிற்று. இக்கோப்பின் தனிச்சிறப்பு இதுவே என்பது என் கருத்து.

எவரும் வினவலாம் என்பதிலேதான் இடரும் இருந்தது. கடவுச்சொற்கள் உள்ளவாறே எழுதப்பட்டிருந்த முதற் காலத்தில் இக்கோப்பு பிறர் படிக்காவண்ணம் காக்கப்பட்டது. பின்னர் அவை மறையெழுத்தாக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையினர் பயன்படுத்திய மறையெழுத்துப் பொறியொன்றைப் பாவனை செய்யும் நிரலே இதற்கு முதலிற் பயன்பட்டது. சொல் மறைந்துவிட்டமையாற் கோப்பை யாவர்க்கும் திறந்துவிடலாம் எனக் கருதினர். திறந்துவிடவேண்டிய நடைமுறைத் தேவையும் இருந்தது. கோப்புகளின் பட்டியலிலே உரிமையாளரின் எண்ணைப் பெயராக மாற்றிக் காட்டுவதற்குக்கூட இவ்வேட்டைப் படிக்கவேண்டும்.

றொபேர்ட் மொறிஸும் தொம்சனும் 1979 நவம்பரிலே வெளியிட்ட கட்டுரையொன்று இந்நம்பிக்கையின் அளவைக் காட்டிற்று. பழைய மறையெழுத்து நிரல் பீ.டீ.பீ.-11/70 பொறியில் ஒரு சொல்லுக்கு 1.25 மில்லி செக்கன் மட்டுமே எடுத்தது. அவ்வேகத்தில் ஐந்து சிற்றெழுத்துக்களாலான சொற்கள் அனைத்தையும் நான்கு மணித்தியாலத்திற்குச் சற்று அதிகமான நேரத்திற் சோதித்துவிடலாம். அவர்கள் திரட்டிய 3,289 கடவுச்சொற்களுள் 15 ஒற்றையெழுத்தாகவும் 72 ஈரெழுத்தாகவும் 464 மூவெழுத்தாகவும் இருந்தன. எளிதில் ஊகிக்கத்தக்கவை மொத்தம் 2,831. அதாவது நூற்றுக்கு 86. ஏழாம் பதிப்பிலே இதற்குப் பரிகாரம் தேடினர். வேண்டுமென்றே மெதுவாக இயங்கும் மறையாக்கம் அமைந்தது. ஒரே சொல்லும் 4,096 வடிவங்களில் ஒன்றாகத் தோன்றுமாறு ‘உப்பு’ எனப்பட்ட எழுத்திரண்டு சேர்க்கப்பட்டன. கோப்பு மட்டும் திறந்தே இருந்தது.

1988 நவம்பர் 2 ஆம் திகதி இணையத்தில் ஒரு புழு விடப்பட்டது. ஒரு பொறியினுள் நுழைந்ததும் அது பயனர் ஏட்டைப் படித்தது. ஒவ்வொருவரது பயனர் பெயரையும், அதனை இரட்டித்தும், திருப்பியும், ஐந்தாம் புலத்திலிருந்த முழுப்பெயரின் பகுதிகளையும் கடவுச்சொல்லாக முயன்றது; அதன்பின் தான் கொண்டுவந்த 432 சொற்களை முயன்றது. அச்சுப்பொறிக்காகப் பிறந்து வெறுமையாகிப் பின் மனிதரின் பெயரால் நிரம்பிய அப்புலமே இவ்வாறு அவர்களைக் காட்டிக்கொடுத்தது. புழுவை எழுதியவர் கோர்ணெல் பல்கலைக்கழக மாணவரான றொபேர்ட் ரப்பன் மொறிஸ். ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் மேற்குறித்த கட்டுரையை எழுதிய மொறிஸின் மகன் அவர்.

மறையெழுத்துச் சொற்களை நிழற்கோப்பு எனப்பட்ட, மேலாளர் மட்டும் படிக்கத்தக்க கோப்பொன்றுக்கு மாற்றும் முயற்சி அதற்கு முன்னரே தொடங்கியிருந்தது. புழுவின் பின்னர் அது எங்கும் பரவலாயிற்று. பழைய ஏட்டின் இரண்டாம் புலத்திலே இன்று பெரும்பாலும் ஒற்றை எழுத்தொன்றே நிற்கின்றது.

இதே காலத்தில் வேறொரு மாற்றமும் நேர்ந்தது. பொறிகள் வலைப்பின்னலாற் பிணைக்கப்பட்டமையால் ஒவ்வொரு பொறியிலும் ஏடு வைத்திருப்பது சுமையாயிற்று. சன் கம்பனி 1980 களின் நடுப்பகுதியிலே பயனர் விபரங்களை மைய இடத்திலிருந்து வழங்கும் ‘மஞ்சட் பக்கங்கள்’ என்ற முறையைக் கொணர்ந்தது. பெயருரிமை பிரித்தானியத் தொலைத்தொடர்புக் கம்பனியிடம் இருந்தமையாற் பெயர் பின்னர் மாற்றப்பட்டது. இதனாற் பல்லாண்டு பிழையின்றி இயங்கிய ஷெல் நிரல்கள் பொய் சொல்லத் தொடங்கின. கோப்பிலே தேடினர், ‘மணி இல்லை’ என்ற விடை வந்தது. மணியோ அவ்வேளையிலே அப்பொறியில் அமர்ந்து வேலை செய்துகொண்டிருந்தார். பிழைச்செய்தி எதுவும் எழாமையால் இத்தவறு நெடுநாள் மறைந்தே கிடப்பதுண்டு. கோப்பை நேரே படியாது, பெயர் எங்கிருந்து வரினும் பழைய ஏழு புல வடிவிலேயே விடை தரும் ‘கெற்எண்ட்’ போன்ற கட்டளைகளை வினவும் வழக்கம் இதனால் ஏற்பட்டது. வாசகன் ஏட்டைத் தானே புரட்டிய காலம் போய், நூலகர் எடுத்துத் தரும் காலம் வந்ததெனலாம். வசதி பெரிது, ஆயினும் பக்கத்தை நேரே பார்த்தறியும் சுதந்திரத்தில் ஒரு பகுதி குறைந்தது என்பதையும் மறுத்தல் இயலாது.

பழைய ஏடொன்று அண்மையில் மீண்டும் பேசப்பட்டது. ஏறத்தாழ 1980 ஆம் ஆண்டைச் சேர்ந்த பேர்க்லிப் பதிப்பின் மூலநிரல்களுள் பயனர் ஏடொன்றும் பாதுகாக்கப்பட்டிருந்தது. றிச்சி, கேர்ணிஹான், போர்ண் முதலியோரின் மறையெழுத்துக்கள் அதிலே இருந்தன. ஆர்வலர் பலர் முயன்று பெரும்பாலானவற்றை அவிழ்த்தனர். போர்ணின் கடவுச்சொல் அவரது குடும்பப்பெயரேயாக இருந்தது. தொம்சனின் சொல் மட்டும் நெடுநாள் அகப்படவில்லை. 2019 ஒக்ரோபரில், நவீன வரைகலைச் சில்லொன்று நான்கு நாட்களுக்கு மேல் இடையறாது இயங்கிய பின்னர் அதுவும் வெளிப்பட்டது. இராணியின் முன்னிற்கும் காலாளை இரண்டாம் கட்டத்திலிருந்து நான்காம் கட்டத்திற்கு நகர்த்தும் சதுரங்கத் தொடக்கத்தை எட்டுக் குறிகளில் எழுதி, ஈற்றில் வியப்புக்குறியும் இட்டிருந்தார், 1980 இலே உலகக் கணனிச் சதுரங்கப் போட்டியில் வென்ற ‘பெல்’ பொறியை ஆக்கியவர்களில் ஒருவரான தொம்சன். செய்தி எட்டியதும் அவர் ஒற்றைச் சொல்லில் வாழ்த்துத் தெரிவித்தார்.